நெல்லும் சோளமும் ராஜாங்கமும்



நாகரிகம் என்றதும் நம் பள்ளிப் புத்தகம் நைல், யூப்ரடீஸ், கோதுமை, பார்லி என்று ஆரம்பிக்கும். தமிழ்நாட்டுக்கு வந்தால் காவிரி, நெல், சோழர். சோளமும் கம்பும் விளைந்த நம்ம கொங்கு நாடு எங்கே போச்சு?

தானியத்துக்கும் ராஜாவுக்கும் அப்படி என்ன உறவு? நெல் ஒரே சமயத்தில் முற்றும். கண்ணுக்குத் தெரியும். அளக்கலாம், களஞ்சியத்தில் கொட்டி வைக்கலாம். வரி வாங்க இதைவிடத் தோதான பொருள் ஏது? மரவள்ளிக் கிழங்கை எடுத்துக்குங்க. மண்ணுக்குள்ளேயே கிடக்கும், வேணும்போது பிடுங்கலாம். அதிகாரி வந்தா எதை அளப்பாரு? அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் ஸ்காட் 2017-ல் வெளியிட்ட நூலில் சொல்வதும் இதுதான்.

1010-ல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலில், எந்த ஊர் எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அளக்கிற மரக்காலுக்கே 'ஆடவல்லான்' என்று சாமி பேர்! சாமி பேரில் அளந்தால் யார் எதிர்த்துப் பேசுவாங்க?

நம்ம பக்கம் மானாவாரி பூமி. மழை பெய்தால் சோளம், பொய்த்தால் ஆடு மாடு. பெரிய சேனைக்குச் சோறு போட இது பத்தாது. கடைசியில் கொங்கும் சோழர் கைக்குத்தான் போனது.

எங்க அம்மிச்சி காலத்தில் தீபாவளி, பொங்கலுக்குத்தான் நெல்லுச்சோறு. சோளச்சோறு தின்கிறவன் என்றால் இளக்காரம். அந்த இளக்காரம் பாடப் புத்தகத்திலும் ஒட்டிக்கொண்டதோ என்பது என் சந்தேகம். எங்க குடும்பத்தில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். நம்ம மண்ணுக்குச் சரித்திரமே இல்லை என்று நம்பிக்கொண்டு டிப்ளமோ வாங்க எனக்கு மனசு வரவில்லை.

திருப்பூரைத் தாண்டி நொய்யல் ஓட்டத்தோடு கிழக்கே போனால் கொடுமணல். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டிப் பார்த்த ஊர். 2000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இரும்பு உருக்கியிருக்கிறார்கள், கல்மணி பட்டை தீட்டி விற்றிருக்கிறார்கள். பானை ஓடுகளில் தமிழ் எழுத்தில் ஆள் பெயர்கள்! நூல் நூற்ற சுடுமண் தக்களியும் கிடைத்திருக்கிறது. பனியன் கம்பெனிக்காரங்க கொஞ்சம் கவனிங்க!

அரசுக்கு அளக்கிற தானியம் வேணும், ஒத்துக்கறேன். எழுத்துக்கும் தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் நெல்வயல்தான் வேணும் என்பதை ஒத்துக்க மாட்டேன். புன்செய்க்காட்டு ஊரில் இத்தனையும் நடந்திருக்கிறதே!

மாணவர் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. வருஷா வருஷம் டூர் என்றால் ஊட்டிதான். இந்தத் தடவை ஒரு பஸ்ஸைக் கொடுமணலுக்கு விடுங்க. செலவும் குறைச்சல். கல்வட்டங்களைப் பார்த்துவிட்டுச் சாயங்காலமே திரும்பிவிடலாம்.