கடலில் படகு, மலையில் லயம்: போதை குடியேறும் இடங்கள்

சிவனொளிபாதமலை பருவகாலம் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்துச் செய்திகள் ஒரே மாதிரி ஆகிவிடும். ஹட்டன் வீதியில் பொலிஸார் மோப்ப நாய்களுடன் நின்று வாகனங்களைச் சோதிப்பார்கள். கஞ்சாவுடன் இத்தனை பேர், ஹெரோயினுடன் இத்தனை பேர், ஐஸுடன் இத்தனை பேர் கைது என்று அடிக்கடி செய்தி வரும். "எல்லாம் வெளியூர்ப் பொடியன்கள்" என்று சொல்லிவிட்டு நாமும் அடுத்த செய்திக்குப் போய்விடுவோம்.

தெற்கில் படகு பிடிபட்டால் "அது மீன்காரன் வேலை" என்கிறோம். தோட்டத்தில் சண்டை நடந்தால் "அவங்க எப்பவும் குடிதானே" என்கிறோம். போதை எப்போதும் வேறு யாரோ ஒருவருடைய பிரச்சினை என்ற நினைப்பு நம்மிடம் நன்றாக ஊறிவிட்டது. ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தில் பிறந்து, வாப்பாவின் கடையில் இருபது வருடம் நின்றவன் நான். அந்த நினைப்பு எவ்வளவு பிழையானது என்பதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு வாலிபர்.

உயர்தரப் பரீட்சை சரிவராமல் போனதும் கூட்டாளி ஒருவருடன் தெற்கே போய், பலநாள் மீன்பிடிப் படகொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது கன்னம் ஒட்டி, கண் குழி விழுந்து, ஆளே மாறியிருந்தார். ஒரு நாள் கடைக்கு வந்து தானாகவே சொன்னார்: "நானா, மீன் படுற நேரம் இரவு பகல் பார்க்க ஏலாது. கயிறு இழுத்துக்கொண்டே இருக்கணும். தூக்கம் வராதுன்னு சொல்லி ஒருத்தர் ஐஸ் தந்தார். முதல் முறை வேலைக்காக அடிச்சேன். பிறகு அது இல்லாம வேலையே ஓடல்ல."

அவர் சொன்னதை விளங்கிக்கொள்ள அந்தப் படகின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இலங்கையில் 4,000க்கும் மேற்பட்ட பலநாள் படகுகள் இருக்கின்றன. ஒரு படகில் ஐந்தாறு பேர், மூன்று நான்கு வாரம், சில வேளை அதற்கும் மேல், ஆழ்கடலில் இருப்பார்கள். சமைப்பது, தூங்குவது, தொழுவது, சண்டை பிடிப்பது, சமாதானமாவது எல்லாம் அந்தச் சில அடி இடத்துக்குள்தான். டீசல், ஐஸ்கட்டி, சாப்பாட்டுச் செலவெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதில் பங்கு கிடைக்கும். மீன் படாவிட்டால் கையில் ஒன்றும் இல்லை. தூக்கத்தையும் பசியையும் அடக்கும் ஐஸ் அப்படிப்பட்ட இடத்தில் ஒரு தொழில் கருவியைப் போல நுழைகிறது. சில நாட்களில் உடம்பு அதற்குக் கடன்பட்டுவிடுகிறது. தரையில் நின்று "ஏன் பாவித்தாய்" என்று கேட்பது நமக்கு லேசு.

2024 ஜூன் மாத இறுதியில் தங்காலையிலிருந்து சென்ற பலநாள் படகொன்றில் நடந்தது நினைவிருக்கலாம். கடலில் மிதந்து வந்த போத்தல்களில் இருந்த திரவத்தை மதுபானம் என்று நினைத்து மீனவர்கள் குடித்தார்கள். குறைந்தது நான்கு பேர் உயிரிழந்தார்கள். கரையிலிருந்து பல நாள் தூரத்தில் இருந்தவர்களுக்கு மருத்துவ உதவி உடனே கிடைக்க வழியில்லை. அதே மாதம் தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 60 பேருக்கும் மேல் காவு கொண்டது. இரண்டு இடத்திலும் இறந்தவர்கள் கடும் உடல் உழைப்பில் வாழ்ந்த ஏழைகளே.

படகில் இருப்பவர் பாவனையாளர் மட்டுமல்ல, அவருடைய படகே கடத்தலின் வாகனமாகவும் ஆகிவிட்டது. 2025 செப்டெம்பரில் தங்காலை, சீனிமோதர பகுதியில் 700 கிலோவுக்கும் அதிகமான ஹெரோயினும் ஐஸும் பிடிபட்டன. அடுத்த மாதமே அதே தென் கடலில் மிதந்த 51 பொதிகளிலிருந்து 800 கிலோவுக்கும் மேல் மீட்கப்பட்டது. அதன் பின்னர்தான், ஒக்டோபர் 30ஆம் திகதி, 'முழு நாடும் ஒன்றாக' என்ற தேசிய வேலைத்திட்டத்தை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ஆரம்பித்து வைத்தார். கடலில் இறங்கும் அந்தச் சரக்கு கரையோடு நின்றுவிடுவதில்லை. பஸ்ஸிலும் லொறியிலும் ஏறி மலைக்கும் வருகிறது. எங்கள் நகரத்துக்கும் வந்தது.

இப்போது மலையைப் பார்ப்போம். படகுக்கும் தோட்டத்து லயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இரண்டிலும் வேலை செய்யும் இடமும் வாழும் இடமும் ஒன்று. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய லயத்தின் ஓர் அறையும் ஒரு காம்பராவும் இன்றும் பல குடும்பங்களுக்கு வீடு. அந்த வீடு அவர்களுக்குச் சொந்தமில்லை. பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, மலையில் ஏறி, கொழுந்து நிறுத்து, திரும்பி வருவது அதே தோட்டத்துக்குள்தான். நிறை குறைந்தால் 'அரைப் பேர்' போட்டுவிடுவார்கள். மீன் படாத படகுக்கும் கொழுந்து குறைந்த நாளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மழைக்கும் குளிருக்கும் அட்டைக்கடிக்கும் நடுவே வேலை முடித்து வரும் மனிதருக்குப் போய் உட்கார ஒரு வாசிகசாலையோ மைதானமோ பல டிவிஷன்களில் இல்லை. தவறணையும் பாரும் மட்டும் எட்டும் தூரத்தில் இருக்கும்.

"குளிருக்குக் குடிக்கிறோம்" என்பார்கள். உண்மையில் மதுசாரம் தோலுக்குக் கீழே உள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. உடம்பு சூடாவது போலத் தோன்றினாலும் உள்ளே இருக்கும் சூடு வெளியேறிவிடுகிறது. குளிருக்கு அது மருந்தாகாது. ஆனாலும் இந்தப் பழக்கத்தை 'தோட்டத்து ஆட்களின் குணம்' என்று சொல்வது பெரிய அநியாயம். இங்கே தவறணை தானாக முளைக்கவில்லை. ஆங்கிலேய அரசு சாராயம் விற்கும் உரிமையை ஏலத்தில் விட்டு வருமானம் தேடியது. கோப்பித் தோட்டங்களும் பிறகு தேயிலைத் தோட்டங்களும் பரவ, அவற்றோடு தவறணைகளும் மலைநாட்டில் பரவின. இதை எதிர்த்து 1904இலும் 1912ஐ ஒட்டியும் இந்த நாட்டில் பெரிய மதுவொழிப்பு இயக்கங்கள் எழுந்தன. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு என்ன மாறியது? மதுவரித் திணைக்களத்தின் வருடாந்த வருமானம் இன்று 200 பில்லியன் ரூபாவைத் தாண்டிவிட்டது. 2024ஆம் ஆண்டில் மட்டும் வழங்கப்பட்ட மதுபானசாலை அனுமதிப்பத்திரங்கள் 361 என்று அந்த வருட டிசம்பரில் பாராளுமன்றத்தில் வெளியிடப்பட்டது. அதில் மத்திய மாகாணத்துக்கு 45. ஒரு கையால் போதை ஒழிப்புக்குக் கொடி காட்டி, மறு கையால் அனுமதிப்பத்திரத்தில் ஒப்பமிடுவது எந்த அரசாங்கமாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விதான். தேர்தல் காலத்தில் லயத்துக்கு வரும் போத்தல்களைப் பற்றித் தனியாக எழுதத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2026 வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளிக்கு அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம், அரசாங்கத்தின் 200 ரூபா வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து, 1,750 ரூபா. சாராயப் போத்தல் ஒன்றின் விலை ஏறக்குறைய இரண்டு நாள் சம்பளம். விலை கூடினால் குடி குறையும் என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் கசிப்பைக் கட்டுப்படுத்தாமல் விலையை மட்டும் ஏற்றினால், குடிக்கு அடிமையானவர் கசிப்புப் பக்கம் போவார். சாராயத்துக்குப் போகும் அந்த இரண்டு நாள் சம்பளம் எங்கிருந்து வருகிறது? பல வீடுகளில் அது மனைவி கொழுந்து பறித்துக் கொண்டுவந்த காசு. மலையகத்தில் மதுக்கடைகளுக்கு எதிராக வீதியில் இறங்கியவர்களில் பெண்கள் முன்னால் நின்றதற்குக் காரணம் இதுதான்.

இனி நம்முடைய பக்கம். இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சம்பள நாளான 10ஆம் திகதி வாப்பாவின் கடையில் கடன் கொப்பி திறக்கும். தோட்டத்து அம்மாமார் வரிசையில் வந்து கணக்குத் தீர்ப்பார்கள். சிலர் பாதிதான் தருவார்கள். "மீதிய அவர் குடிச்சிட்டார் முதலாளி" என்று தலை குனிந்து சொல்வார்கள். வாப்பா பேசாமல் மீதியை அடுத்த மாதக் கணக்கில் எழுதுவார். எங்கள் கடையில் மது இல்லை, அது ஹராம் என்ற பெருமை எனக்கு இருந்தது. ஆனால் அதே கடையில் பீடியும் சிகரெட்டும் இருந்தன. பிற்காலத்தில் பாடசாலைப் பிள்ளைகள் கேட்டு வந்த மாவா, பாபுல் பொதிகளையும் சில காலம் நான் விற்றேன். இலாபம் நல்லாக இருந்தது. "பாக்குத்தானே" என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். மது விடயத்தில் குடிப்பவரை மட்டுமின்றி அதைச் சுமப்பவர், விற்பவர், அதன் கிரயத்தை உண்பவர் என்று பத்துப் பேரைச் சேர்த்துக் கண்டிக்கும் ஹதீஸை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருப்பேன்! அது என் கல்லாப்பெட்டியையும் பார்த்துப் பேசுகிறது என்று அப்போது தோன்றவில்லை.

படகிலிருந்து திரும்பிய அந்த வாலிபருடைய விடயம் ஒரு நாள் பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டத்துக்கு வந்தது. குடும்பத்தைக் கூப்பிட்டு எச்சரிக்க வேண்டும், சந்தாவிலிருந்து நீக்க வேண்டும், நிக்காஹ்வுக்கு ஒத்துழைக்கக் கூடாது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவர் என்னிடம் மனம் திறந்து பேசியிருந்தும் நான் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் அந்தத் தாய் பள்ளிவாசல் வாசலில் நின்று அழுதார். வாலிபர் ஊரை விட்டுப் போனார். மீண்டும் கடலுக்குத்தான் போனார் என்று பிறகு கேள்விப்பட்டோம். நாம் அவரை எந்த இடத்திலிருந்து காப்பாற்ற வேண்டுமோ, அந்த இடத்துக்கே நாம் அனுப்பி வைத்தோம்.

அல்குர்ஆன் மதுவை ஒரே நாளில் தடுக்கவில்லை. அதன் தீமை பெரியது என்று முதலில் உணர்த்தியது. பிறகு போதையோடு தொழுகையை நெருங்குவதைத் தடுத்தது. கடைசியில்தான் முழுமையாக விலக்கியது. மனிதனின் பழக்கத்தை அறிந்த ரப்பு அந்தச் சமூகத்துக்கு அவகாசம் கொடுத்தான். நாமோ ஒரு வாலிபனுக்கு ஒரு வாரம் கொடுக்கவில்லை.

விற்பவனுக்கும் கடத்துபவனுக்கும் சட்டம் கடுமையாக இருக்கட்டும். 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டப்படி 5 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஐஸ் கடத்தலுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம். ஆனால் அடிமையாகிவிட்டவர் நோயாளி. அவரைக் கைவிலங்கும் ஊர்விலக்கும் குணப்படுத்தாது. தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் சிகிச்சை நிலையம் ஒன்று கண்டியில் இருக்கிறது. 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் ஆலோசனை கிடைக்கும். நமது பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஜனாஸா அறிவித்தலுக்குப் பக்கத்தில் இந்த இலக்கத்தையும் ஒட்டினால் என்ன? ஒவ்வொரு மஹல்லாவிலும் ஓர் ஆலிம், ஓர் ஆசிரியர், ஒரு வைத்தியர் என்று மூன்று பேரை நியமித்து, பெற்றோர் இரகசியமாக வந்து பேச வழி செய்யலாம். கண்டிக்குப் போய்வரும் செலவை ஸகாத் நிதியிலிருந்து கொடுக்க முடியுமா என்று உலமாக்கள் சொல்லட்டும்.

கடைக்காரச் சகோதரர்கள் மாவா, பாபுல் போன்றவற்றை உடனே நிறுத்த வேண்டும். புகையிலை மற்றும் மதுசாரம் மீதான 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது, புகையிலை விற்பதைத் தடை செய்கிறது. சட்டத்துக்குப் பயந்து நிறுத்தினாலும் சரி, அல்லாஹ்வுக்குப் பயந்து நிறுத்தினாலும் சரி, பிள்ளைகள் தப்புவார்கள்.

தோட்டத்து மக்களுக்கு நாம் மதுவொழிப்புப் பிரசங்கம் செய்யப் போக வேண்டியதில்லை. அதை அவர்களுடைய பெண்களும் இளைஞர்களும் நம்மை விட நன்றாகச் செய்கிறார்கள். புதிய மதுக்கடைக்கு எதிராக அவர்கள் மனு எழுதினால், கோவில் பரிபாலன சபையின் ஒப்பத்துக்குக் கீழே பள்ளிவாசல் நிர்வாகத்தின் ஒப்பமும் இருக்கட்டும். சொந்தக் காணி, சொந்த வீடு என்று அவர்கள் கேட்கும்போது அது 'அவர்களுடைய' கோரிக்கை என்று ஒதுங்காமல் நாமும் சேர்ந்து கேட்போம். இரண்டு தலைமுறையாக அவர்களுடைய உழைப்பில்தான் நம்முடைய கடைகள் ஓடின. அந்தக் கடன் இன்னும் எந்தக் கொப்பியிலும் எழுதப்படவில்லை.

அந்த வாலிபரின் தாய் இன்றும் எங்கள் ஊரில்தான் இருக்கிறார். தெற்கில் படகு பிடிபட்ட செய்தி வரும் நாளில் கடைக்கு வந்து, "பேர் ஏதும் போட்டிருக்கா மகன்?" என்று கேட்பார். நான் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு, "இல்ல உம்மா" என்பேன். அடுத்த கூட்டத்தில் இப்படி இன்னொரு பிள்ளையின் பெயர் வந்தால் இந்த முறை நான் பேசாமல் இருக்கமாட்டேன், இன்ஷா அல்லாஹ். உங்கள் மஹல்லாவில் நீங்களும் பேசுங்கள்.