சாகாத கதாநாயகி

காதல் நவீனங்களில் நோயாளிக்கு இதுவரை இரண்டே உத்தியோகங்கள்தாம் கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, கடைசி அத்தியாயத்தில் சாவது. இல்லாவிட்டால், கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் குணமாகிவிடுவது. செத்தால் காதல் அமரத்துவம் அடைகிறது. குணமானால் கல்யாணம் நடக்கிறது. நோயை வைத்துக்கொண்டே, நாளைக்கும் மறுநாளும் பத்து வருஷம் கழித்தும் அதே நோயோடு ஒருத்தி காதலிக்கப்பட்டாள் என்று எழுதுவதற்கு மட்டும் எழுத்தாளனுக்குக் கை வருவதில்லை. இதைக் கலை என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம். நான் இதைச் சோம்பேறித்தனம் என்கிறேன். இன்னும் கொஞ்சம் கடுமையாகச் சொன்னால், கோழைத்தனம்.

இந்தப் பழக்கத்துக்கு மூலபுருஷர் யார் என்று தேடப்போனால் பாரிஸுக்குப் போக வேண்டும். பெரிய டூமாவின் மகன், அவரும் அலெக்ஸாண்டர் டூமாதான், 1848-ல் காமீலியா மலர்ச் சீமாட்டியைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். அதற்கு முந்திய வருஷம் இருபத்து மூன்றாவது வயதில் க்ஷயரோகத்தால் செத்துப்போன மாரி துப்ளெஸி என்ற பெண்ணை அவருக்கு நெருக்கமாகவே தெரியும். அவளைத்தான் மார்கரீத் ஆக்கினார். ஐந்தே வருஷத்தில் வெர்டி அதை இசை நாடகமாக்கினார். பிற்பாடு சினிமாவும் ஆயிற்று. கைக்குட்டையில் ரத்தம், வெளிறிய கன்னம், பெரிய கண்கள்: இருமுகிற அழகிகள் எல்லோருக்கும் மார்கரீத்தான் பாட்டி.

அந்த நாவலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். காதலன் அர்மான் கெட்டவன் இல்லை. அவளோடு நெருங்கிப் பழகும் முன்பே, அவள் படுத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டுத் தினமும் வாசலில் வந்து விசாரித்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போகிறவன். ஆனால் அவள் நிஜமாகவே படுக்கையில் விழுந்து, மாதக் கணக்கில் கரைந்து சாகும்போது அவன் எங்கே இருக்கிறான்? கிழக்குத் தேசங்களில் பிரயாணம் செய்துகொண்டிருக்கிறான். அவள் நோய்ப்பட்டிருக்கும் செய்தி எகிப்தில் அவனுக்கு எட்டுகிறது. அவன் பாரிஸ் வந்து சேரும்போது அவளைப் புதைத்தாகிவிட்டது. பிறகு சமாதியைத் தோண்டி முகத்தைப் பார்க்கிறான்!

நாவலாசிரியர் ஏன் அவனை ஊரை விட்டு அனுப்பினார் தெரியுமா? பக்கத்தில் இருந்தால் எச்சில் படிக்கத்தை யார் கழுவுவது என்ற கேள்வி வரும். கடன்காரன் வாசலில் நிற்கும்போது மருந்துக்குப் பணம் எங்கே என்ற கேள்வி வரும். மூன்றாவது மாதம் அவன் எரிந்து விழுந்தானா என்ற கேள்வி வரும். அவனைக் கப்பலேற்றிவிட்டால் இந்த இடைஞ்சல் ஒன்றும் இல்லை. பிணத்தைக் காதலிப்பது சுலபம். அதற்கு இரவில் மூன்று முறை எழுந்து வெந்நீர் வைத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

பின்னால் வந்தவர்கள் சிரமத்தை இன்னும் குறைத்துக்கொண்டார்கள். 1970-ல் உலகத்தையே அழவைத்த எரிக் சீகலின் 'லவ் ஸ்டோரி'யில் நோயே கதையின் கடைசிப் பகுதியில்தான் தலைகாட்டுகிறது. வந்தது, கொன்றது, போயிற்று. 2012-ல் ஜோஜோ மாய்ஸ் எழுதிய 'மீ பிஃபோர் யூ' என்ற நாவல்மீதுதான் எனக்கு மெய்யான கோபம். விபத்தில் கைகால் செயலிழந்த ஓர் இளைஞன். அவனைக் கவனித்துக்கொள்ள வந்த பெண் அவனை உயிருக்கு உயிராக நேசிக்கிறாள். அவனோ, இந்த உடம்போடு வாழ்வதில்லை என்று தீர்மானித்து, ஸ்விட்ஜர்லாந்துக்குப் போய்த் தன் உயிரைச் சட்டப்படி முடித்துக்கொள்கிறான். அவளுக்குப் பணத்தையும் வைத்துவிட்டுப் போகிறான். 2016-ல் இது படமாக வந்தபோது, சக்கர நாற்காலியில் வாழ்கிற மனிதர்கள் கண்டனக் குரல் எழுப்பினார்கள். எங்களைக் காதலிக்கிறவர்களுக்கு நாங்கள் செய்யக்கூடிய பேருதவி செத்துப்போவதுதானா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. வாசகர்கள் கண்ணீர் விட்ட இடத்தில் அவர்கள் தங்களுக்கான மரண தண்டனையைப் படித்தார்கள்.

வெள்ளைக்காரனை மட்டும் சொல்வானேன்? நம் ஊருக்கு வருவோம். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு பரிசோதனை தொடங்கியது. க்ஷயரோகிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியை ஸானடோரியத்தில் வைத்து நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்து வைத்தியம் செய்தார்கள். மறு பாதிக்கு அதே மருந்தைக் கொடுத்து வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். பெரும்பாலும் ஏழைகள், நெருக்கடியான வீடுகள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குத் தொற்று அதிகமாகவும் இல்லை. 1959-ல் இந்த முடிவு வெளியாகி, உலகம் பூராவும் ஸானடோரியங்கள் காலியாவதற்கு ஒரு காரணமாயிற்று. நோயாளி வீட்டிலேயே இருக்கலாம், மனைவியாக இருக்கலாம், தாயாக இருக்கலாம் என்று உலகத்துக்கு ருசுப்படுத்தியது நம் சேத்துப்பட்டு.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1961-ல், அதே சென்னையில் 'பாலும் பழமும்' வந்தது. டாக்டர் கணவனின் ஆராய்ச்சிக்குத் தன் க்ஷயம் இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று கதாநாயகி வீட்டை விட்டே போய்விடுகிறாள்! பாட்டுக்களை இன்றைக்கும் நான் விரும்பிக் கேட்கிறேன். அது வேறு விஷயம். வைத்தியன் அவளை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தான். கதாசிரியன் அவளை மறுபடியும் வெளியே அனுப்பிவிட்டான். தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்றார்கள்.

நண்பர் ஒருவர், நிறையப் படித்தவர், இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது என்னிடம் சொன்னார்: "என்ன ஸார் செய்வது? கொல்லாத நோய்க்குக் கதை ஏது? தினமும் முட்டி வலிக்கிறது என்று எத்தனை பக்கம் எழுதுவீர்கள்?"

எழுதியிருக்கிறாளே ஒருத்தி! இங்கிலாந்துக்காரி, தாலியா ஹிபர்ட் என்று பெயர். 2019-ல் 'கெட் எ லைஃப், க்ளோயி பிரவுன்' என்ற காதல் நாவலை எழுதினாள். க்ளோயிக்கு ஃபைப்ரோமயால்ஜியா. உடம்பெங்கும் வலி, தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, திடீரென்று மூளைக்குள் மூட்டம் போட்டாற்போல் ஒரு மந்தம். ரத்தப் பரிசோதனையில் தெரியாது, எக்ஸ்ரேயில் தெரியாது. ஆகவே, "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். இது ஆளைக் கொல்லாது. விட்டும் போகாது. நண்பர் கேட்ட அதே நோய்தான்.

நோய் வந்ததும் அவளுக்கு நிச்சயமானவன் போய்விட்டான்; சிநேகிதிகளும் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். தறிகெட்டு வந்த ஒரு கார் மயிரிழையில் அவளைத் தப்பவிட்ட பிறகு, செய்து பார்க்க வேண்டிய காரியங்கள் என்று ஒரு ஜாபிதா தயாரிக்கிறாள். வீட்டை விட்டுத் தனியே குடிபோவது, மோட்டார் சைக்கிளில் ஏறுவது, கூடாரம் போட்டுத் தங்குவது, இப்படி. குடிபோன கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஓவியன் ஒருவனோடு சண்டையில் ஆரம்பித்துக் காதலில் முடிகிறது. சாதாரணமான கதை. இதில் சாதாரணமல்லாதது, எந்தக் காரியத்தைச் செய்யும்போதும் அவள் உடம்பு கூடவே வருகிறது என்பதுதான். இன்றைக்குச் சக்தியைச் செலவழித்தால் நாளைக்கு வலியாக வட்டி கட்ட வேண்டும். அந்தக் கணக்கு அவள் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவன் அந்தக் கணக்கைக் கற்றுக்கொள்கிறான். காதல் என்று நான் சொல்வது அந்தக் கற்றுக்கொள்ளுதலை. கடைசிப் பக்கத்தில் அவளுக்கு நோய் இருக்கிறது, காதலனும் இருக்கிறான்.

குறை இல்லாத நாவல் என்று நான் சாதிக்க வரவில்லை. கதாநாயகன் தேவைக்கு மேல் அழகன். தேவைக்கு மேல் பொறுமைசாலி. படுக்கையறைக் காட்சிகளில் பாதியை வெட்டியிருந்தாலும் எனக்கு நஷ்டமில்லை. உயர்ந்த இலக்கியம் என்று பேராசிரியர்கள் பாடம் வைக்கப் போவதும் இல்லை. ஆனால், உயர்ந்த இலக்கியம் நூற்றெழுபது வருஷமாக எந்தப் பெண்ணைப் புதைத்துக்கொண்டே வந்ததோ அவளை இந்த ரயில்வே ஸ்டால் நாவல் உயிரோடு விட்டுவைத்திருக்கிறது. எனக்கு அது போதும்.

"நோயாளி மேல் வருவது காதல் இல்லை, இரக்கம்தான். எவன் ஸார் நிஜ வாழ்க்கையில் தெரிந்தே கட்டிக்கொள்வான்?" என்றும் நண்பர் கேட்டார். இந்தக் கேள்வி நம் வீடுகளில் தினமும் கேட்கப்படுகிறது. பெண்ணுக்கு எப்போதோ வந்த வலிப்பைச் சம்பந்தி வீட்டாருக்குத் தெரியாமல் மறைக்கிறார்கள். புகுந்த வீட்டில் அவள் மாத்திரையை ஒளித்து ஒளித்து விழுங்குகிறாள். ஒளிக்க முடியாத நாளில் விழுங்காமல் இருந்துவிடுகிறாள். வலிப்பு எங்கிருந்து வருகிறது என்று பிறகு கேட்பானேன்? அடிக்கடி வலிப்பு வருகிறவர்களுக்கு இந்து திருமணச் சட்டமே 1976-ல் தடை போட்டு வைத்திருந்தது. 1999-ல் அதை நீக்கினார்கள். குஷ்டரோகத்தைக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதியை 2019-ல் எடுத்தார்கள். ஆமை வேகம்தான். ஆனாலும் சட்டப் புஸ்தகம் நாவலாசிரியனுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது என்றால், எழுதுகிறவர்கள் வெட்கப்பட வேண்டாமா?

நிஜ வாழ்க்கையில் எவன் என்று கேட்டவருக்கு ராபர்ட் பிரௌனிங்கைக் காட்டினேன். எலிஸபெத் பாரெட் பதினைந்து வயதிலிருந்தே சீக்காளி. லண்டனில் ஓர் அறைக்குள் அடைந்து கிடந்தாள். அபின் கலந்த மருந்து இல்லாமல் அவளுக்குப் பொழுது போகாது. தகப்பனாரோ தம் மக்கள் ஒருவரையும் கல்யாணம் செய்துகொள்ள விடாதவர். 1845-ல் அவள் கவிதையைப் படித்துவிட்டு பிரௌனிங் கடிதம் எழுதினான். மறு வருஷம் செப்டம்பரில் ரகசியமாகக் கல்யாணம். அவளுக்கு நாற்பது வயது, அவனுக்கு முப்பத்து நான்கு. இத்தாலிக்குப் போனார்கள். 1849-ல் ஒரு பிள்ளை பிறந்தது. அவள் எழுதினாள், பேர் வாங்கினாள். உடம்பு சில காலம் தேறியது, சில காலம் படுத்தியது. நோய் போகவே இல்லை. தகப்பனார் அவள் கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். 1861-ல் புருஷன் கைகளில் அவள் உயிர் பிரிந்தது. இதில் இரக்கம் எத்தனை வீசம், காதல் எத்தனை வீசம் என்று நிறுத்துப் பார்க்க என்னிடம் தராசு இல்லை. பதினைந்து வருஷம் ஒருவன் வெறும் இரக்கத்தில் ஓட்ட முடியுமென்றால், அந்த இரக்கத்துக்குக் காதல் என்று பெயர் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இந்தக் கதையையும் நாடகமாக்கினார்கள். 1930-ல் ருடால்ஃப் பெஸியர் எழுதி, மேடையிலும் சினிமாவிலும் சக்கைபோடு போட்ட நாடகம். அதில் எலிஸபெத் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு தகப்பன் வீட்டை விட்டு வெளியேறுகிறாள்; திரை விழுகிறது. மருந்துப் புட்டியும் பிள்ளையும் கவிதையும் இருமலுமாக அவர்கள் இத்தாலியில் வாழ்ந்த பதினைந்து வருஷமும் திரைக்கு அந்தப் பக்கம்.