கடைசி வாங்கிலும் பாடம் நடக்கவேண்டும்
வன்னி ஆசிரியர், பெற்றோர் இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் ஆசிரியர்களும் பெற்றோரும் பழைய மாணவர்களுமாகிய நாம், எங்கள் வகுப்பறைகளில் கற்பிக்கும் முறையை மாற்றவென இவ்வியக்கத்தைத் தொடங்குகிறோம்.

எங்கள் நிலை

2008, 2009 ஆம் ஆண்டுகளில் போரினால் இந்த மண்ணின் பள்ளிக்கூடங்களும் சனத்தோடு இடம்பெயர்ந்தன. பாடம் மரநிழலில் நடந்தது, தறப்பாளின் கீழ் நடந்தது, பிறகு மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் நடந்தது. 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. அங்கே எழுத்துக் கூட்டியவர்களில் சிலர் இன்று ஆசிரியர்கள், பலர் பெற்றோர். இடையில் படிப்பு அறுந்த தாய் தன் பிள்ளையின் வீட்டுவேலைக்கு உதவ முடியாமல் தவிக்கிறாள். 2020 இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது கைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மறுபடியும் பாடம் தவறியது.

இத்தனை வேறுபாடுகளோடு வரும் பிள்ளைகளுக்கு ஒரே பாடம் ஒரே வேகத்தில் நடத்தப்படுகிறது. ஒருபக்கம் பாடத்திட்டமும் மறுபக்கம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையும் துரத்துகின்றன. "விளங்கினதோ?" என்று கேட்டால் முன்வாங்குப் பிள்ளைகள் "ஓம் ரீச்சர்" என்கிறார்கள். கடைசி வாங்குப் பிள்ளை கரும்பலகையைப் பார்த்துக் கொப்பியை நிரப்புகிறது. எழுதியதை வாசிக்கச் சொன்னால் தலை குனிகிறது. 'மெல்லக் கற்பவர்' என்று பெயர் சூட்டி அப்பிள்ளை அடுத்த தரத்துக்கு ஏற்றப்படுகிறது.

எங்கள் கொள்கைகள்

1. படிக்க முடியாத பிள்ளை இல்லை. பிள்ளைக்குப் பொருந்தும் வழியைத் தேடுவது கற்பிப்பவரின் கடமை.

2. பிள்ளை நிற்கும் இடத்திலிருந்தே பாடம் தொடங்கவேண்டும். தரம் 6 பிள்ளைக்கு எழுத்துக் கூட்ட வராவிட்டால், முதலில் அதையே கற்பிக்கவேண்டும்.

3. இலக்கு ஒன்று, வழி பல. பின்னம் படிப்பிக்கும்போது ஒரு பிள்ளை கடதாசியை நான்காக மடிக்கட்டும். இன்னொரு பிள்ளை வயலையும் வரம்பையும் மண்ணில் கீறிப் பிரிக்கட்டும். விளங்கிய பிள்ளை புதுக்கணக்கு ஒன்றைத் தானே ஆக்கட்டும்.

4. விசேட தேவையுடைய பிள்ளைக்கும் பொது வகுப்பில் இடம் உண்டு. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் பள்ளி அனுமதியில் மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்டது. விசேட கல்வி அலகு இருப்பதைக் காட்டிப் பொது வகுப்பின் கதவைச் சாத்தக் கூடாது.

5. 'மொக்கு' என்ற சொல்லுக்கு எந்த வகுப்பிலும் இடமில்லை.

எங்கள் கோரிக்கைகள்

வலயக் கல்விப் பணிமனைகள் பரிகாரக் கற்பித்தலுக்கு நேரசூசியில் நிரந்தரப் பாடவேளை ஒதுக்கவேண்டும். ஆசிரியரை மதிப்பிடும்போது, எத்தனை பாடம் முடித்தார் என்பதோடு எத்தனை பிள்ளைகளை முன்னேற்றினார் என்றும் கேட்கவேண்டும். கண்பார்வை, செவிப்புலன் பரிசோதனை தரம் 1 இலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் நடக்கவேண்டும். பின்தங்கிய கிராமப் பள்ளிகளின் ஆசிரியர் வெற்றிடங்களை முதலில் நிரப்பவேண்டும்.

எங்கள் உறுதிமொழி

1945 இல் வந்த இலவசக் கல்வி ஏழைப் பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டது. உள்ளே வந்த பிள்ளை கற்றுத்தான் வெளியேறவேண்டும். அந்தப் பொறுப்பை நாம் ஏற்கிறோம். இந்தத் தவணை முடியுமுன் எங்கள் வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளையையும் அருகில் இருத்தி, தனியே ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்போம். வாசிக்கத் திணறும் பிள்ளைகளோடு அடுத்த நாளே வேலையைத் தொடங்குவோம். ஆசிரியர்களே, அதிபர்களே, பெற்றோரே, எங்களோடு சேருங்கள்.