வீட்டுப் பிள்ளையா, வேலைக்காரியா?

அந்நிய நாடொன்றைக் காண வேண்டும், அந்நாட்டு மொழியைக் கற்க வேண்டும், அங்குள்ள குடும்பமொன்றுடன் ஓராண்டு வாழ்ந்து திரும்ப வேண்டும் என்னும் ஆசை இளம் வயதினர் பலருக்கு உண்டு. பெரும் பொருள் இல்லாதவர்க்கும் அவ்வாசை நிறைவேற வழிசெய்யும் ஏற்பாடு ஒன்று மேல்நாடுகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதனை 'ஓ பேர்' என்பர். பிரெஞ்சு மொழியைச் சேர்ந்த இச்சொல்லுக்குச் 'சரிநிகராக' என்பது பொருள். வந்தவள் வீட்டாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். வீட்டார் அவளுக்கு உணவும் உறையுளும் கைச்செலவுக்குப் பணமும் அளிப்பர். எஜமானி, ஏவலாள் என்ற பேதமின்றி இரு சாராரும் சமமாய் வாழ்வர். இதுவே அச்சொல்லின் உட்கருத்து. கருத்து உயர்ந்ததே. நடைமுறையில் அது எவ்வாறு நிற்கிறது என்பதை இவ்வாரம் சற்று ஆராய்வோம்.

ஐரோப்பாவில் இதன் தொடர்பாக 1969ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் திகதி ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் உடன்படிக்கை ஒன்று செய்யப்பட்டது. பிரித்தானியா தான் வழங்கிவந்த தனி விசாவை 2008ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டது. ஆயினும், விதிகள் மிக விரிவாக எழுதப்பட்டிருப்பது ஐக்கிய அமெரிக்காவிலேயாம். அங்கே 1986ஆம் ஆண்டில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய இத்திட்டம், இன்று இராஜாங்கத் திணைக்களத்தின் மேற்பார்வையில் நடைபெறுகிறது. இதன்கீழ் வருவோருக்குக் கிடைப்பது 'ஜே-1' என்னும் விசா. அது தொழில் விசா அன்று. கல்வி, கலாசாரப் பரிவர்த்தனை விசா. பின்னர் நாம் கூறப்போகும் சிக்கல்கள் யாவும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே முளைத்தவை என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

விண்ணப்பிப்பவர் 18 முதல் 26 வயதிற்குட்பட்டவராய், உயர்தரப் பாடசாலைக் கல்வியை முடித்தவராய், ஆங்கிலம் பேச வல்லவராய் இருத்தல் வேண்டும். பெண்களே பெரும்பான்மையோர் எனினும் ஆண்களுக்குத் தடையில்லை. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒன்றின் மூலமே செல்லலாம். உறவினர் வீட்டில் அமர்த்தப்படுதல் ஆகாது. குழந்தைகளின் பாதுகாப்பு, வளர்ச்சி ஆகியவை பற்றி 32 மணி நேரப் பயிற்சி அளிக்கப்படும். இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தையைப் பார்ப்பதற்குக் குறைந்தது 200 மணி நேர முன் அனுபவம் வேண்டும். மூன்று மாதம் நிரம்பாத சிசு உள்ள வீடாயின், பெற்றோரோ பொறுப்புள்ள வேறொருவரோ உடனிருத்தல் வேண்டும்.

வேலை நேரம் நாளொன்றுக்குப் பத்து மணிக்கும், வாரத்திற்கு 45 மணிக்கும் மேற்படலாகாது. வாரத்தில் ஒன்றரை நாளும், மாதத்தில் ஒரு முழு வார இறுதியும் ஓய்வு. ஆண்டிற்கு இரு வாரம் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. தனி அறை கட்டாயம். வந்த பெண் கல்லூரி ஒன்றில் பாடம் பயில வேண்டும். அதற்காக வீட்டார் 500 டொலர் வரை கொடுக்கவேண்டும். திட்டம் முதலில் ஓராண்டுக்குரியது. பின்னர் ஆறு, ஒன்பது அல்லது பன்னிரண்டு மாதங்கள் நீடிக்கலாம்.

ஏட்டில் இவ்வளவும் தெளிவாக உள்ளன. அன்றாட வாழ்வோ சிறு சிறு விடயங்களால் ஆனது. காலையிற் பிள்ளைகளை எழுப்பி, உடுத்தி, உணவூட்டிப் பாடசாலைக்கு அனுப்புவதும், அவர்களுடைய துணிகளைத் துவைப்பதும், அவர்களது அறையை ஒழுங்குபடுத்துவதும் அவளுடைய கடமை. வீடு முழுவதையும் கழுவுவதும், பெரியவர்களின் துணிகளை மடிப்பதும், விருந்தினருக்குச் சமைப்பதும் அவளுடைய கடமை அல்ல. ஆனால், 'நீ எங்கள் வீட்டுப் பிள்ளை அல்லவா, இதையும் சற்றுப் பார்' என்று அன்பொழுகச் சொன்னால் மறுப்பது எவ்வாறு? வீட்டுப் பிள்ளை என்ற சொல் அணைக்கவும் வல்லது, அடக்கவும் வல்லது. நம் வீடுகளிலும் அச்சொல் இவ்விரு தொழிலையும் செய்துவருவதை நாம் அறியாதவரல்லர்.

இனிப் பணத்தைப் பார்ப்போம். சமஷ்டிச் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 7.25 டொலர். 45 மணிக்கு 326.25 டொலர் ஆகிறது. அதில் உணவுக்கும் உறையுளுக்குமாக நூற்றுக்கு நாற்பது வீதம் கழிக்கப்படுகிறது. எஞ்சுவது வாரத்திற்கு 195.75 டொலர். 2009ஆம் ஆண்டு ஜூலை முதல் வழங்கிவரும் தொகை இதுவே. இதற்குக் குறையலாகாது என்பதே விதி; ஆனால் நிறுவனங்கள் இதனையே நிலையான கூலிபோற் காட்டி, தம்முள் ஒன்றுபட்டுச் சம்பளத்தைத் தாழ்த்தின என்று கூறி, 2014ஆம் ஆண்டில் டென்வர் நகரில் வழக்குத் தொடரப்பட்டது. 2019இல் பதினைந்து நிறுவனங்கள் 65.5 மில்லியன் டொலர் கொடுக்க இசைந்து வழக்கைத் தீர்த்துக்கொண்டன. அதே ஆண்டு டிசம்பரில், பொஸ்டன் நகரிலுள்ள சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் மற்றொரு வழக்கில் தீர்ப்பளித்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வீட்டுப் பணியாளர் உரிமைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்பதே அத்தீர்ப்பு.

இத்தீர்ப்பைக் கேட்டுக் கவலையுற்ற குடும்பங்களும் உண்டு. அவர்கள் அனைவரையும் பேராசைக்காரர் என்று தள்ளிவிடுதல் நீதியாகாது. இருவரும் உழைத்தாலன்றிக் குடும்பம் நடவாத இல்லங்களில், குழந்தையைப் பார்க்க வேறு வழியின்றி இத்திட்டத்தை நாடியவர் பலர். எனினும், ஒரு தாயின் சுமையை இன்னொரு தாயின் மகள் குறைந்த கூலிக்குச் சுமப்பது பரிவர்த்தனை ஆகாது என்பதே நமது கருத்து. கலாசாரம் என்ற பெயரைச் சூட்டிவிட்டால் உழைப்பு உழைப்பாக இல்லாமற் போய்விடுமா?

இதிலே மிகவும் கவனிக்கவேண்டியது வேறொன்று. அப்பெண்ணின் விசா இத்திட்டத்தோடு பிணைக்கப்பட்டது. வெளியே வேறு வேலை பார்க்க அவளுக்கு அனுமதியில்லை. குடும்பத்தோடு பிணக்கு உண்டாயின், அவள் இழப்பது சம்பளம் மட்டுமன்று; படுக்கும் அறையும் பறிபோகிறது. வேறு குடும்பத்தைத் தேடிக்கொள்ள இடமுண்டு. ஆனால் அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் சில வாரங்களே. எவரும் கிடையாவிடின் தாய்நாடு திரும்பவேண்டியதுதான். குறையைச் சொன்னால் உள்ளதும் போய்விடும் என்ற அச்சத்தினால் வாய்திறவாதிருக்கும் பெண்ணை, நிகரானவள் என்று எவ்வாறு சொல்வது?

ஆகவே, இவ்வழியே செல்ல எண்ணும் மாணவர்க்கும், அவர்தம் பெற்றோருக்கும் நாம் கூறுவது இது. கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். வேலை நேரம், மோட்டார் வண்டி உபயோகம், இரவில் வீடு திரும்பும் நேரம், ஞாயிற்றுக்கிழமைச் சமையல் ஆகியவற்றை முன்னரே பேசி எழுத்திற் பெறுங்கள். வேலை செய்த மணிகளை நாள்தோறும் குறிப்பேட்டிற் பதிந்து வையுங்கள். கடவுச்சீட்டு உங்கள் கையிலேயே இருக்கட்டும். நிறுவனத்தின் உள்ளூர்ப் பிரதிநிதி மாதந்தோறும் தொடர்புகொள்ள வேண்டியவர். அவரிடம் சிறு குறையையும் மறையாது கூறுங்கள்.

நல்ல குடும்பம் வாய்த்து, ஆயுள் முழுதும் நீளும் உறவைப் பெற்றுத் திரும்பியவர் எத்தனையோ பேர். அவர்களுடைய பேறு ஒருவரது நல்ல மனத்தால் வந்தது. நல்ல மனம் வாய்க்காத இடத்திலும் மானத்தோடு வாழ வழிசெய்வதற்கே விதி வேண்டியிருக்கிறது. அவ்விதியை அறிந்து செல்பவளே, எந்த வீட்டு வாயிலிலும் தலைநிமிர்ந்து நுழைவாள்.