வெளியூர்க்காரனுக்குப் பாய், உள்ளூர்க்காரனுக்கு வாசல்

கடற்கரைப் பக்கம் சுற்றிவிட்டு வந்த நண்பர்கள் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. முன்பின் தெரியாத மீனவக் குடும்பம் ஒன்று வீட்டுக்குள் அழைத்தது, பாய் விரித்தது, அன்று பிடித்த மீனைக் குழம்பு வைத்துப் போட்டது, கிளம்பும்போது கருவாடு கட்டிக் கொடுத்தது. "சொந்த அம்மா மாதிரி பார்த்துக்கிட்டாங்க ப்ரோ." யூடியூபில் இந்தக் கதைக்குத் தனி மவுசு. கீழே வரிசையாகத் தமிழர் விருந்தோம்பலுக்குப் புகழ்மாலை. "மனிதம் இன்னும் சாகவில்லை" என்று யாராவது ஒருவர் முடித்து வைப்பார்.

அந்தக் கதை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. போட்ட சோறு உண்மை, காட்டிய பாசமும் உண்மை. நான் கேட்பது இரண்டே கேள்விகள். அந்த வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் தள்ளி ஒரு காலனி இருக்குமே, அங்கிருந்து யாராவது அந்தப் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்களா? அந்தப் பாயில் சாப்பிட்ட பயணி, தன் சொந்த ஊர்க் காலனியில் எத்தனை வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்?

எனக்குச் சொந்த ஊர் கோம்பை. தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிற பேரூர். கடலுக்கும் எங்களுக்கும் உள்ள ஒரே உறவு, தெருவுக்கு வரும் மீன் வண்டி. வெளியில் எங்கள் ஊரைப் பலருக்கும் நாயை வைத்துத்தான் தெரியும். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நாட்டு நாய் இனங்களை வரிசையாகச் சொன்னபோது கோம்பையும் அதில் இடம்பெற்றது. நாய்க்கு இருக்கும் இந்த அறிமுகம், அதே ஊர்க் காலனியில் பிறந்த எனக்குக் கிடையாது. எனக்குக் கிடைப்பது "எந்தத் தெரு?" என்ற கேள்விதான்.

கல்லூரிக் காலத்தில் நண்பர்கள் நான்கு பேர் நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீனவ ஊருக்குப் போனோம். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன் பேச்சுக் கொடுத்து, வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவருடைய அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டார்.

"எந்த ஊரு தம்பி?"

"தேனிப் பக்கம்மா, கோம்பை."

"அங்க நீங்க என்ன ஆளுங்க?"

கூட வந்த மூவரும் தட்டையே பார்த்தார்கள். நான் சொன்னேன். அந்த அம்மா கரண்டியை நிறுத்தவில்லை. இன்னொரு துண்டு மீனை என் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அதனால என்ன தம்பி, நீ வெளியூருப் புள்ள. எங்க ஊரு ஆளுங்கதான் உள்ள வரமாட்டாங்க."

அந்த அம்மா கெட்டவர் இல்லை. ஒரு சமூகவியல் புத்தகம் முழுக்க எழுத வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். சாதி வெளியூர்க்காரனுக்கு விடுமுறை கொடுக்கும். அவன் நாளை போய்விடுவான். பங்கு கேட்க மாட்டான், கூலி உயர்த்தக் கேட்க மாட்டான், அவன் பிள்ளை இந்த வீட்டுப் பெண்ணைக் காதலிக்கப் போவதில்லை. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை பற்றி அவனுக்குக் கவலை இல்லை. அதனால் அவனைப் பாயில் உட்காரவைப்பதில் ஊருக்கு எந்த இழப்பும் கிடையாது. பக்கத்துக் காலனிக்காரர் அதே பாயில் உட்கார்ந்தால் நாளைக்கும் வருவார், மறுநாளும் வருவார். அப்போது மாற வேண்டியது ஊர்.

'விருந்து' என்ற சொல்லுக்கு மூலப்பொருளே புதுமை என்பதுதான். திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஒரு முழு அதிகாரமே இருக்கிறது. நம்முடைய பெருமை எல்லாம் புதிதாக வருகிறவனுக்குச் சோறு போடுவதில். தலைமுறை தலைமுறையாகப் பக்கத்திலேயே இருக்கும் காலனி புதிது இல்லையே. அதனால் அதற்கு விருந்தும் இல்லை.

இப்போது எங்கள் பள்ளத்தாக்குக்கு வருகிறேன். அன்று என் தோளை உரசிக்கொண்டு ஒரே சட்டியில் மீன் எடுத்துச் சாப்பிட்டவர்களில் ஒருவன் எங்கள் பக்கத்துக்காரன், ஊர்த்தெருவில் வீடு. அந்தப் பயணத்துக்கு முன்பும் பின்பும் அவன் வீட்டுக்குப் பலமுறை போயிருக்கிறேன். திண்ணை வரை. டீ திண்ணைக்கே வரும், எனக்கு மட்டும் பேப்பர் கப்பில். ஒரு காலத்தில் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது. இன்று தூக்கி எறியும் கப் வந்து அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரே சட்டியில் கைபோட்டவனுக்கு, நாலு கிலோமீட்டருக்குள் ஒரு டம்ளரை மாற்றத் தைரியம் வரவில்லை. ஆனால் அவன் இன்ஸ்டாகிராமில் அந்த மீன் சட்டியின் படம் இன்னும் இருக்கிறது. மேலே "சாதி மதம் கடந்த அன்பு" என்று எழுதியிருக்கிறான்.

பயணம் பற்றியும் நட்பு பற்றியும் இந்த நாட்டில் எழுதப்பட்ட நேர்மையான எழுத்தைப் படிக்க வேண்டுமென்றால் புரட்சியாளர் அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' சிறுநூலைப் படியுங்கள். 1901-இல் அப்பாவைப் பார்க்கக் கிளம்பிய சிறுவர்கள் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். நல்ல உடை உடுத்திய பிள்ளைகளிடம் நிலைய அதிகாரி அன்பாகத்தான் பேசுகிறார், சாதி தெரியும் வரை. தெரிந்த பிறகு வண்டி ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. இரட்டை வாடகை கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போகிறார்கள். கையில் சாப்பாடு இருந்தும், தண்ணீர் கிடைக்காமல் பட்டினியாகப் படுக்கிறார்கள். பின்னாளில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தவரை, தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்து விரட்டுகிறார்கள். அப்போது அவர் இரண்டு நண்பர்களை நினைத்துப் பார்க்கிறார். ஒருவர் இந்து, இன்னொருவர் கிறிஸ்தவர். ஒருவருக்கு வேலைக்காரர்கள் போய்விடுவார்களே என்ற கவலை. இன்னொருவருக்கு மனைவி என்ன சொல்வாரோ என்ற கவலை. இருவரும் நல்ல நண்பர்கள்தான், வீட்டு வாசல் வரை. அன்றிரவே அவர் பம்பாய்க்கு ரயில் ஏறினார்.

நம் பயண வீடியோக்களில் இந்த ரயில் நிலையம் வருவதில்லை. "எங்கே போனாலும் மக்கள் நல்லவர்கள்" என்று சொல்ல முடிகிறவருக்கு, எங்கே போனாலும் ஒரு பெயரோ ஒரு பட்டமோ நிறமோ முன்னால் போய்க் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

"மீனவர்களும் ஒடுக்கப்பட்டவர்கள்தானே, அவர்களைக் குறை சொல்லலாமா?" என்று தோழர்கள் கேட்பார்கள். ஒடுக்கப்பட்டவர்கள்தான். 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி வயதான மீன் விற்கும் அம்மா ஒருவரை அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலமைச்சரே கண்டிக்க வேண்டி வந்தது, ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். மீன் குழம்பு மணக்கிறது, மீன்காரம்மா நாறுகிறார். இந்தச் சமூகத்தின் மூக்கு அப்படி. கடற்கரை நிலமும் அவர்கள் கையைவிட்டு நழுவுகிறது. 2019 ஜனவரியில் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் நெருக்கம் உள்ள கிராமக் கடற்கரையில் கட்டுமானம் கூடாது என்ற எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. வலை காயப்போட்ட மணலில் ரிசார்ட் வருவதற்கு வழி திறந்தாயிற்று. அதை எதிர்த்து மீனவர்கள் போராடும்போது, சோறு சாப்பிட்டுவிட்டு வந்த நண்பர்கள் எத்தனை பேர் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் ஒடுக்கப்பட்டவர் என்பதாலேயே ஒருவர் கைக்குள் சாதி இல்லை என்று ஆகிவிடாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலகெங்கிலும் இருந்து தன்னார்வலர்கள் வந்தார்கள், மீனவக் குடும்பங்களோடு உறவானார்கள். அதே வாரங்களில், அதே கரையில், நிவாரண முகாம்களிலிருந்து தலித் மக்களை விரட்டியதும், பொதுத் தொட்டியில் தண்ணீர் பிடிக்கவிடாமல் தடுத்ததும் நடந்தன. செய்தியாளர்களும் மனித உரிமை அமைப்புகளும் அப்போதே பதிவு செய்திருக்கிறார்கள். இழப்பைப் படகு, வலை என்று கணக்கிட்டதால், சொந்தப் படகு இல்லாத தலித் கூலிகள் பலர் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள்.

அந்த நாட்களில் நாகைக் கரைக்கு இன்னொரு கூட்டமும் பயணம் வந்தது. தமிழகத்தின் பல நகராட்சிகளிலிருந்து லாரிகளில் கொண்டுவரப்பட்ட தூய்மைப் பணியாளர்கள். அழுகிய உடல்களைப் போதிய கையுறைகூட இல்லாமல் எடுத்து அடக்கம் செய்தவர்கள் அவர்கள். வெளியூர்க்காரர்கள்தான். உதவிக்கு வந்தவர்கள்தான். அவர்களுக்கு எந்த வீட்டில் பாய் விரித்தார்கள்? அவர்களைப் பற்றி எந்தப் பயணக் கட்டுரை வந்தது? ஆக, வெளியூர்க்காரனுக்குக் கிடைக்கும் விடுமுறையிலும் சாதி பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

யார் பயணி, யார் உள்ளூர்க் குடும்பம் என்ற சொற்களையே கொஞ்சம் உரசிப் பாருங்கள். எங்கள் பள்ளத்தாக்கில் விடியும் முன்பே பெண்கள் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கேரள ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போகிறார்கள். தினமும் மாநில எல்லையைத் தாண்டுகிற அவர்களை யாரும் பயணி என்று அழைப்பதில்லை. அதே மலையில் ராமக்கல்மேட்டுக்குக் காற்று வாங்கப் போகிறவர் பயணி. சுருளிக்கும் மேகமலைக்கும் வருகிறவர்கள் திராட்சைத் தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டு, "உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கினோம்" என்கிறார்கள். தங்க வைக்க ஒரு அறை உபரியாக வேண்டும், காட்ட ஒரு தோட்டம் வேண்டும். நிலம் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் உள்ளூர்க் குடும்பம். அந்தத் தோட்டத்தில் கொத்து அறுக்கிற கைகளும் உள்ளூர்தான். அவை படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போகின்றன.

"ஒன்றாகச் சாப்பிடுவது ஒரு தொடக்கம்தானே, போகப்போகச் சாதி தானாக உடையும்" என்ற சமாதானம் அடுத்து வரும். தானாக எதுவும் உடைந்ததாக நம் வரலாற்றில் இல்லை. 1957-இல் சென்னை முரளி கஃபேயின் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்க, பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் அன்றாடம் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். அதற்கு முன் அந்த வாசல் வழியாக எத்தனையோ ஆயிரம் பேர் காபி குடித்துவிட்டுச் சிநேகமாகப் போயிருப்பார்கள். பலகை அசையவில்லை. சமபந்தி உணவால் மட்டும் சாதி சாகாது என்று 1936-லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எழுதிவிட்டார். சேர்ந்து சாப்பிடுகிற சாதிகளுக்கு நடுவிலும் சாதி திடமாக இருக்கிறது என்பதை அவர் கண்ணால் பார்த்தவர். அவர் கேட்டது ரத்தக் கலப்பு. நாமோ ஒரு எவர்சில்வர் டம்ளரில் நிற்கிறோம்.

ஊர் சுற்றாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள், மீன் சாப்பிடுங்கள், உறவாடுங்கள். ஆனால் அதற்கு நட்பு என்று பெயர் வைக்கும் முன் சில கணக்குகளை முடியுங்கள். உங்களுக்குச் சோறு போட்ட குடும்பத்தை உங்கள் ஊருக்கு அழைத்தீர்களா? வந்தால் உங்கள் வீட்டுக் கூடத்தில் படுக்க வைப்பீர்களா, லாட்ஜ் பிடித்துக் கொடுப்பீர்களா? "நீங்க என்ன ஆளுங்க?" என்று அங்கே கேட்கப்பட்டபோது, மேல்சாதிப் பெயர் தந்த சலுகையில் சிரித்துவிட்டுச் சாப்பிட்டீர்களா, ஏன் கேட்கிறீர்கள் என்று மரியாதையாகத் திருப்பிக் கேட்டீர்களா? அந்த ஊர்க் காலனி எந்தப் பக்கம் இருக்கிறது என்றாவது தெரிந்துகொண்டீர்களா?

நம்மில் பலர் மாறவேண்டிய இடம் கடற்கரையில் இல்லை. அது நம் வீட்டுத் திண்ணைக்கும் அடுக்களைக்கும் நடுவில் இருக்கும் பத்தடித் தூரம். அதைக் கடக்க டிக்கெட் தேவையில்லை, விடுமுறை தேவையில்லை. அம்மாவிடம் சண்டை வரும், சித்தப்பா ஒரு வாரம் பேச மாட்டார், தெருவில் நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நட்பின் விலை அதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் காலனி நண்பனை வீட்டுக்குள் கூப்பிடுங்கள். உங்கள் அப்பா தினமும் காபி குடிக்கிற டம்ளரிலேயே அவனுக்கும் கொடுங்கள். மறுவாரம் அவன் வீட்டில் போய்ச் சாப்பிடுங்கள். போனைப் பையிலேயே வைத்துவிடுங்கள், படம் வேண்டாம்.