பலகையில் காவல், தெருவில் யார்?

வடசென்னையில் கொத்தவால் சாவடி என்றோர் இடம் உண்டு. 1996 இல் கோயம்பேட்டுக்குப் பெயரும்வரை மாநகரின் பெரிய காய்கனிச் சந்தை அங்கேதான் இருந்தது. 'கொத்தவால்' என்பது பாரசீகச் சொல். நகரக் காவல் தலைவன் என்பது அதன் பொருள். அடுத்துள்ள பெத்துநாய்க்கன்பேட்டையும் காவலால் பெயர்பெற்றதே. கிழக்கிந்தியக் கும்பினி ஆண்ட நாளில், கறுப்பர் நகரைக் காத்த தலைமைக் காவற்காரரைப் பெத்தநாயக்கர் என்றனர். பெயர்கள் அயலவை, ஆயினும் அக் காவலுக்கு ஒரு கட்டு இருந்தது. தம் எல்லையில் திருட்டுப்போன பொருளை அவர் கண்டுபிடித்துத் தரவேண்டும். இயலாவிடின் இழப்பைத் தாமே ஈடுசெய்ய வேண்டும். இன்று அதே தெருவில் ஒரு வீட்டுப் பூட்டு உடைக்கப்பட்டால், விடைசொல்லும் கடன் யாருக்கு உண்டு?

இக் கட்டு வெள்ளையன் தமிழனுக்குக் கற்பித்ததன்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பண்டை மதுரையின் ஊர்காப்பாளரைக் காட்டுகின்றது. அவர்கள் கள்வரின் நுட்பங்களைக் கற்றறிந்தவர்கள்; நள்ளிரவில் மழைநீர் தெருவில் திரண்டோடும்போதும் காவலில் தளராதவர்கள். சோழர் கல்வெட்டுகளிலோ 'பாடிகாவல்' என்றொரு வரி வருகின்றது. ஊரைக் காப்பதற்கென்று ஊரார் இறுத்த பொருள் அது. காவல் என்றால் காப்பது. தமிழன் அச் சொல்லுக்கு வேறு பொருள் கொண்டதில்லை.

வேறு பொருள் வந்தது ஆங்கிலன் ஆட்சியில். 1829 இல் இலண்டன் மாநகர்க்குப் புதிய காவற்படை அமைத்தபோது, காவலர் ஒவ்வொருவர்க்கும் இன்ன தெருக்கள் என்று வரையறுத்துக் காலால் சுற்றிவரச் செய்தனர். அயர்லாந்துக்கோ துமுக்கி ஏந்திய படையை அமைத்தனர். முன்னது தன் மக்களைக் காக்க. பின்னது அடிமைப்பட்ட மக்களை அடக்க. 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், 1859 இல் சென்னை மாகாணத்திற்கும் 1861 இல் இந்தியாவுக்கும் காவற்சட்டங்கள் வந்தபோது, வெள்ளையன் இங்குக் கொணர்ந்தது அயர்லாந்து முறையையே. மேலே இருப்பவனை நோக்கி நிற்கும் படை அது. தெருவை நோக்கி நிற்பதன்று.

விடுதலைக்குப் பின் 'போலீசு டேசன்' காவல் நிலையம் ஆயிற்று. தமிழியக்கத்தின் வெற்றிகளுள் அதுவும் ஒன்று. ஆனால் பலகையை மாற்றியதோடு நாம் அமைந்துவிட்டோம். பலகைக்குப் பின்னே நிற்கும் படை மாறவில்லை.

ஐயமுள்ளோர் ஒரு கணக்கு எடுத்துப் பார்க்கட்டும். தம் பகுதிக் காவல் நிலையத்துப் பதிவேட்டில் எத்தனை பேர் உள்ளனர் என்று எண்ணட்டும். பின்னர், இரவு பதினொரு மணிக்கு அப் பகுதித் தெருக்களில் எத்தனை பேர் உள்ளனர் என்று எண்ணட்டும். அமைச்சர் செல்லும் வழியில் வெயிலில் நிற்போர் சிலர். கட்சிக் கூட்டத்திற்கும் விளையாட்டரங்கிற்கும் அனுப்பப்பட்டோர் சிலர். அழைப்பாணை சுமந்து திரிவோர் சிலர். எழுத்து வேலையில் அமிழ்ந்தோர் சிலர். நிரப்பப்படாத இடங்களும் உண்டு. எஞ்சியோரே தெருவுக்கு. அந்த எச்சத்தைக் கண்டுதான் கள்வன் துணிகின்றான்.

இன்னும் இழிந்தது 'ஆர்டர்லி' முறை. சீருடை அணிந்து நாட்டைக் காக்க வந்த தமிழிளைஞனை, உயரலுவலர் வீட்டுக்குக் காய்கறி வாங்கவும் துணி துவைக்கவும் வைத்த அடிமைமுறை அது. தமிழ்நாட்டரசு 1979 இலேயே அதனை ஒழித்து ஆணையிட்டது. 43 ஆண்டு கழிந்து, 2022 இல், நான்கு திங்களுக்குள் அதனை ஒழித்தாக வேண்டும் என்று சென்னை உயர் அறமன்றம் மீண்டும் சொல்ல வேண்டியதாயிற்று. தன் ஆணையைத் தன் உயரலுவலர் வீட்டுக் கொல்லையில் செல்லுபடியாக்க இயலாத அரசு, கள்வனிடம் சட்டத்தை எங்ஙனம் செலுத்தும்? கிழமைக்கு ஒருநாள் ஓய்வு கொடுங்கள் என்றும் 2021 இல் அரசு ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது. ஓய்வறியாத கண் எதனைக் காக்கும்?

கருவிகள் உள்ளனவே என்பர் சிலர். 2017 முதல் சென்னைத் தெருக்களில் 'மூன்றாவது கண்' என்று கண்காணிப்புக் கருவிகள் மிகப் பலவாக நாட்டப்பட்டன. நன்றே. ஆனால் அக் கண்ணுக்குக் கால் இல்லை, கை இல்லை. கழுத்துச் சங்கிலியை அறுத்தோடியவன் முகத்தை அது பின்னர்க் காட்டும். அறுக்கும் கையைப் பற்றாது. 2022 சனவரி முதல் நாள் தாம்பரமும் ஆவடியும் தனித்தனி ஆணையரகங்கள் ஆயின. மேலே நாற்காலி பெருகினால் போதாது. கீழே நடப்போர் பெருக வேண்டும்.

நடப்போர்க்கு நாவும் வேண்டும். தெருமுனைப் பூக்காரியும் தேநீர்க் கடைக்காரரும் அறியாத புதுமுகம் அத் தெருவில் இல்லை. அவர்கள் வாய் திறந்தால் பாதி வழக்கு முடிந்தது. அவர்களோடு அமர்ந்து தமிழில் பேசி, அவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதி, படித்துக்காட்டி, படியைக் கட்டணமின்றிக் கொடுப்பவனிடமே அவர்கள் வாய் திறப்பர். தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956 இல் வந்தது. ஆனால் 2024 சூலை முதல் நாள் தொடங்கி அக் காவலன் கையில் தில்லி திணித்திருக்கும் நூல்களின் பெயர் என்ன? பாரதிய நியாய சன்கிதா. பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா. பாரதிய சாட்சிய அதினியம். ஆங்கிலப் பெயர் போய் வடசொற் பெயர் வந்தது. பொருளைப் பறிகொடுத்த தமிழ்த்தாய்க்கு இரண்டும் ஒன்றே, இரண்டும் விளங்கா.

தலைவர்களுக்குக் காப்பு வேண்டாவா என்று கேட்பர். வேண்டும், அதற்கெனத் தனிப்படை இருக்கட்டும். தெருவுக்கு உரியவனைத் தெருவிலிருந்து பறிக்காதிருக்கட்டும். ஒவ்வொரு நிலையத்திலும் ஒழிந்த இடங்களை நிரப்புக. ஒவ்வொரு தெருவுக்கும் இன்னார் காவலர் என்று பெயர் எழுதி நிலைய வாயிலில் தமிழில் ஒட்டுக. அவரை அடிக்கடி மாற்றாது வைத்திடுக. எத்தனை முறையீடு வந்தது, எத்தனைக்குத் தீர்வு கண்டது என்று திங்கள்தோறும் அப் பகுதி மக்கள்முன் கணக்குக் காட்டுக.

பலகையில் தமிழ் எழுதக் கோரிப் போராடியவர்கள் தமிழர்கள். அப் பலகையில் எழுதிய சொல் மெய்யாக வேண்டும் என்று கோரவும் அவர்களுக்கே உரிமை உண்டு. தெருவுக்குக் காவலன் வராதவரை, 'காவல் நிலையம்' என்பது தமிழெழுத்தில் எழுதிய போலீசு டேசனே.