பங்குனி வெயிலில் பனிமலை

பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் நம் சங்கத்துக் குடும்பங்கள் பல மணாலிக்கும் சோனமார்க்கிற்கும் காங்டாக்கிற்கும் புறப்படுவது ஆண்டுதோறும் நாம் காணும் வழக்கம். வெண்பனியைக் கண்டறியாத ஊர்களிற் பிறந்த நமக்கு அதனை ஒருமுறை கையால் அள்ளிப் பார்க்கும் ஆசை இயல்பே. அதனைக் குறைகூற நாம் வரவில்லை. ஆயினும் இமயத்தின் பங்குனிப் பனி, மார்கழிப் பனியைப் போன்றதன்று.

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் சிக்கிமில் நேர்ந்ததை அன்பர்கள் நினைவிற் கொள்க. காங்டாக்கிலிருந்து நாதுலா செல்லும் சாலையில் அன்று 13ஆம் மைல் வரைதான் பயணிகளுக்கு அனுமதி. அதனைக் கடந்து 15ஆம் மைலுக்குச் சென்றவர்கள்மீது நண்பகலை ஒட்டிப் பனி சரிந்தது. ஏழு பேர் மாண்டனர். அவர்கள் மலையேறும் வீரர்களல்லர். நம்மைப் போலவே ஊர் பார்க்க வந்தவர்கள்.

குளிர்காலம் முழுதும் பெய்த பனி, மலைச்சரிவில் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கிறது. வேனில் பிறந்ததும் வெயில் மேலடுக்கை உருக்குகிறது. உருகிய நீர் உள்ளே கசிந்து, அடுக்குகளுக்கிடையே உள்ள பிடிப்பைத் தளர்த்திவிடுகிறது. பிறகு ஈரப்பனி தன் பாரத்தாலேயே நழுவுகிறது. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளிலேயே இது மிகுதியாக நிகழும். நம் வீட்டு மாடிப்படியின் சாய்வே ஏறத்தாழ 30 பாகை என்றால், அது அவ்வளவு செங்குத்தன்று என்பது விளங்கும். நாம் நிற்குமிடம் சமதரையாயினும், தலைக்குமேல் அத்தகைய சரிவு இருப்பின் அபாயமே.

இரவில் வானம் தெளிந்திருந்தால் பனி இறுகி உறையும். விடியற்காலையில் நடப்பது ஓரளவு பத்திரம். வெயில் ஏற ஏற முதலில் கிழக்குச் சரிவும், பின்னர் தெற்கும், பிற்பகலில் மேற்கும் இளகும். "காலையிற் போனால் பயமில்லை" என்று வழிகாட்டிகள் சிலர் சொல்வது பாதி உண்மைதான். இரவு முழுதும் மேகம் மூடியிருந்தால் பனி உறைவதில்லை. அன்று விடியலையும் நம்புவதற்கில்லை. கணுக்காலுக்குமேல் கால் புதைவதும், மேலிருந்து பனியுருண்டைகள் தாமாக உருண்டு வருவதும், அருகே புதிய சரிவு தென்படுவதும் திரும்பிவிடுக என்னும் அறிகுறிகள்.

மலைநடைக்குச் செல்லும் நம் இளைஞர்களுக்கு ஒரு சொல். ஐயத்திற்குரிய சரிவை ஒருவர்பின் ஒருவராகவே கடக்க வேண்டும். மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று அவரைக் கண்காணிக்க வேண்டும். இருப்பிடம் காட்டும் வானொலிக் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருத்தல் அவசியம். புதையுண்டவர் பிழைப்பது பெரும்பாலும் முதற் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால்தான்; வெளியிலிருந்து உதவி வருமுன் அந்நேரம் கடந்துவிடும். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மதராஸ் ரெஜிமெண்டின் வீரர் பத்துப் பேர் புதையுண்டபோது, ஹனுமந்தப்பா என்னும் வீரர் ஐந்து நாட்களுக்குப்பின் உயிரோடு மீட்கப்பட்டார். அதுவே அரிதினும் அரிது. அவரும் பிப்ரவரி 11 அன்று மருத்துவமனையில் காலமானார். அப்பத்துப் பேரில் நால்வர் தமிழகத்தவர்.

காஷ்மீரம், இமாசலம், உத்தராகண்டம் ஆகிய பகுதிகளுக்குச் சண்டீகரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிலையம் பனிச்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. புறப்படுமுன் அதனைக் கேட்டறிக. வண்டிக்காரரிடமும், அனுமதித்த எல்லையோடு திரும்புவதென முன்னரே பேசி வாடகையை முடித்துக்கொள்ளுங்கள். மலைமேல் நின்று, குழந்தைகள் "இன்னும் கொஞ்ச தூரம்" என்று கெஞ்சும் வேளையில் அதனைப் பேசுதல் எளிதன்று.